நடப்பு வாசிப்புக்கு ஓரிடம், பிடித்த புத்தகத்துக்கு வேறிடம்

படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தைப் பற்றி நாலு பேரிடம் பேச வேண்டும். பிடித்த புத்தகத்தை நாலு பேர் கையில் சேர்க்க வேண்டும். இரண்டும் ஒரே ஆசை போலத் தெரியும். "எண்பதாம் பக்கம் வந்துட்டேன், அந்தச் சித்தப்பா மேல சந்தேகமா இருக்கு" என்று எழுதுபவருக்கு அன்று இரவே பதில் வர வேண்டும். அடுத்த வாரம் அந்த வரிக்கு ஒரு மதிப்பும் இல்லை. "இந்த நாவலை மூன்று முறை படித்திருக்கிறேன், ஏன் என்று சொல்கிறேன்" என்று எழுதுபவருக்கு அன்று யாரும் பதில் சொல்லாவிட்டாலும் நஷ்டமில்லை. ஐந்து வருடம் கழித்து அந்த நாவலின் பெயரைத் தேடும் ஒருவர் கண்ணில் அது பட்டால் போதும்.

முதலாவதற்கு ஆள் வேண்டும், இரண்டாவதற்கு இடம் வேண்டும். வாட்ஸ்அப், முகநூல், படித்த நூல்களைப் பட்டியலிட்டு மதிப்பிடும் குட்ரீட்ஸ் தளம், இன்ஸ்டாகிராம், சொந்தத் தளம் என்று நம் முன்னே இருக்கும் வழிகளில் எதுவும் இரண்டையும் ஒருசேர ஒழுங்காகச் செய்வதில்லை. எது சிறந்தது என்று மொட்டையாகக் கேட்டால், அவரவர் பழகிப்போன இடத்தின் பெயர்தான் பதிலாக வரும்.

நடப்பு வாசிப்புக்கு என் ஓட்டு வாட்ஸ்அப் குழுவுக்கு. எல்லாருடைய போனிலும் அது ஏற்கெனவே இருக்கிறது. புதிதாகக் கணக்கு தொடங்கு, கடவுச்சொல் வை என்று யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. தமிழில் தட்டச்சு வராதவர் பேசி அனுப்பலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஒரு சிறுகதையைப் பற்றி நாலு நிமிடம் பேசி அனுப்பும் குரல்பதிவில் இருக்கும் உயிர், ஐந்து நட்சத்திரம் போட்டு இரண்டு வரி எழுதிய குறிப்பில் இருக்காது. நடுவில் அவருடைய பேரன் கத்துவதும் கேட்கும், அதுவும் சேர்ந்துதான்.

ஆனால் குழுவின் அளவில் கவனம் வேண்டும். 1,024 பேர் வரை சேர்க்க வாட்ஸ்அப் அனுமதிக்கிறது என்பதற்காக அத்தனை பேரையும் சேர்த்தால் காலை வணக்கப் படங்களும் ஃபார்வர்டுகளும்தான் மிஞ்சும். பதினைந்து, இருபது பேர் போதும். ஒரு புத்தகத்தை முடிவு செய்து, வாரத்துக்கு இத்தனை அத்தியாயம் என்று பிரித்துக்கொண்டு கூட்டுவாசிப்பாகப் போனால் பேச்சு தானாக நடக்கும். கூட்டம் பெருத்தால் பேசுகிறவர்கள் அதே ஐந்து பேராகவும் மற்றவர்கள் படித்துவிட்டு நகர்கிறவர்களாகவும் ஆகிவிடுகிறார்கள். அட்மினுக்குக் கொஞ்சம் கல்நெஞ்சமும் தேவை. தேர்தல் சமயத்தில் அரசியல் ஃபார்வர்டை நீக்கத் தயங்கும் அட்மின் இருக்கும் குழுவில் புத்தகப் பேச்சு மே மாதத்தைத் தாண்டாது.

வாட்ஸ்அப்பின் குறைகளும் சில்லறைக் குறைகள் அல்ல. முன்னே போய்விட்டவர் முடிவைச் சொல்லிவிட்டால் அதை மறைக்க வழி இல்லை. டெலிகிராமில் ஒரு வரியைத் தேர்ந்து மூடி அனுப்பலாம், தொட்டால்தான் தெரியும். துப்பறியும் கதைகளைக் கூட்டாகப் படிக்கிறவர்கள் இந்த ஒரு வசதிக்காகவே அங்கே போகலாம். அடுத்தது, வாட்ஸ்அப்பில் புதிதாகச் சேர்பவருக்குப் பழைய உரையாடல் தானாகத் தெரிவதில்லை. மூன்று செய்திகளை மேலே குத்தி வைக்கலாம், அதுவும் முப்பது நாள் வரைதான். மூன்றாவது குறையைப் பற்றி ஆண்கள் அதிகம் பேசுவதில்லை. குழுவில் சேர்ந்த நிமிடமே உங்கள் எண் முன்பின் தெரியாத அத்தனை பேர் பார்வைக்கும் போய்விடுகிறது. இரவு பதினொன்றரைக்குத் தனிச்செய்தியில் "நீங்களும் நிறைய படிப்பீங்களா மேடம்" என்று வரும் விசாரிப்பு எந்த இலக்கிய ஆர்வத்தில் வருகிறது என்று எந்தப் பெண் வாசகரைக் கேட்டாலும் சொல்வார். தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்ற வட்டத்துக்குள் குழுவை வைத்துக்கொள்ளச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

முகநூலுக்கு வருவோம். தமிழில் புத்தகப் பேச்சு இன்றும் அதிகம் நடப்பது அங்கேதான். இளைஞர்கள் போய்விட்டார்கள், அது மாமாக்களின் திண்ணை என்று கேலி செய்கிறார்கள். சரிதான், ஆனால் எழுத்தாளர், பதிப்பாளர், மொழிபெயர்ப்பாளர், வாசகர் நாலு பேரும் ஒரே பதிவுக்குக் கீழே சண்டை போட வேறு இடம் இல்லை. சென்னையில் ஒருவர் எழுதும் குறிப்புக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் தகவல் பிழையைத் திருத்துவார். டொரண்டோவிலிருந்து இன்னொருவர் அந்த நூலின் பழைய பதிப்பின் அட்டையைப் படமெடுத்துப் போடுவார். இந்தப் பரப்பு வாட்ஸ்அப்பில் வராது. நீளமாக எழுதலாம். வாசிப்புக்கென்றே நடக்கும் குழுக்களில் மாரத்தான் என்று பெயர் வைத்து, படித்த ஒவ்வொரு நூலுக்கும் ஒரு பதிவு எழுத வைக்கிறார்கள். எழுதிப் பழக அது நல்ல களம்.

ஜனவரியில் மட்டும் கொஞ்சம் சலிக்கும். பதிப்பாளர்கள், விற்பனையாளர்கள் சங்கமான பபாசி நடத்தும் சென்னைப் புத்தகக் காட்சி தொடங்கியதும் "இன்று அள்ளியவை" என்று அடுக்கு அடுக்காகப் புத்தகப் படங்கள் வரும். வாங்கியதைச் சொல்பவர்கள் படித்ததைச் சொல்பவர்களைவிடப் பல மடங்கு. அந்த அடுக்கில் எத்தனை ஜூனில் பேசப்படுகின்றன என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ஆனாலும் பதிப்பகத்துக்கு அது விளம்பரம், குறை சொல்ல மாட்டேன்.

முகநூலில் இரண்டு தொல்லைகள். ஒன்று, எழுதியது மூன்றாம் நாளே அடியில் போய்விடும். நீங்கள் எழுதியதை நீங்களே தேடி எடுப்பது பெரும்பாடு. வெளி இணைப்பு கொடுத்தால் பதிவு பலரிடம் போகாது என்ற நம்பிக்கையில் ஆளாளுக்கு "லிங்க் முதல் கமெண்டில்" என்று எழுதுகிறார்கள். ஒரு வருடம் கழித்து அந்தக் கமெண்டைத் தேடிப் பாருங்கள். இன்னொன்று, எழுத்தாளர் உங்கள் நட்புப் பட்டியலில் இருப்பது. தமிழில் பல நல்ல நூல்களின் முதல் பதிப்பே சில நூறு பிரதிகள்தான். அதைப் படித்து எழுதும் பத்து பேரில் நீங்கள் ஒருவர் என்றால் உங்கள் குறிப்பை ஆசிரியர் படிக்காமல் இருக்க மாட்டார். "இரண்டாம் பாதி இழுவை" என்று எழுதக் கை தயங்கும். தயங்கித் தயங்கி, எல்லா நூலும் "முக்கியமான வரவு" ஆகிவிடுகிறது. முகநூல் மதிப்புரைகளில் நான் முதலில் பார்ப்பது, எழுதியவர் எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார் என்பதைத்தான்.

குட்ரீட்ஸின் இயல்பு வேறு. பேச்சு அங்கே இரண்டாம்பட்சம், அலமாரிதான் முக்கியம். படிக்க விரும்புவது, படித்துக்கொண்டிருப்பது, படித்து முடித்தது என்று தட்டுகள். வேண்டுமானால் "மொழிபெயர்ப்பு", "அம்மாவுக்குக் கொடுக்க" என்று நீங்களே தட்டுகள் போட்டுக்கொள்ளலாம். 2007-இல் பொதுவுக்கு வந்தது. 2013-இல் அமேசான் வாங்கியது. அதற்குப் பிறகு தளம் அப்படியொன்றும் வளரவில்லை என்ற புகார் உலகம் முழுக்க உண்டு. ஆங்கிலத்தில் படிப்பவருக்கு அது பெரிய சிக்கல் இல்லை. தமிழில் படிப்பவருக்குத்தான் கதை நீளம்.

ஒரே நூல் தமிழ் எழுத்தில் ஒரு பதிவாகவும் ஆங்கில எழுத்தில் இன்னொரு பதிவாகவும் இருக்கும். ஆசிரியர் பெயருக்கும் அதே கதி. இனிஷியலுக்குப் பின் புள்ளி வைத்தால் ஒருவர், வைக்காவிட்டால் வேறொருவர். பழைய நூல்களுக்குச் சர்வதேசத் தர எண் (ISBN) கிடையாது, அதனால் எண்ணை வைத்து அடையாளம் காணும் வழியும் அடைபட்டுவிடுகிறது. பொன்னியின் செல்வனை எடுத்துக்கொள்ளுங்கள். 1950 முதல் 1954 வரை கல்கி வார இதழில் வந்த ஐந்து பாகக் கதை. நாட்டுடைமையாகி, யாரும் அச்சிடலாம் என்று ஆன பிறகு பல பதிப்பகங்கள் தனித்தனிப் பாகமாகவும் மொத்தத் தொகுதியாகவும் போட்டன. ஆங்கில மொழிபெயர்ப்புகளும் உண்டு. இத்தனைக்கும் தனித்தனி முகப்பு. "எத்தனை பேர் படித்தார்கள், என்ன சொன்னார்கள்" என்று பார்க்கப் போனால் நாலைந்து கதவைத் தட்ட வேண்டும். வருடத்துக்கு இத்தனை புத்தகம் என்று இலக்கு வைக்கும் வாசிப்புச் சவால் ஒன்றும் அங்கே இருக்கிறது. அதில் பொன்னியின் செல்வனை ஐந்தாகக் கணக்கு வைப்பதா ஒன்றாகவா என்று கேட்டால் நட்பு முறியலாம். தகவல்களைத் திருத்தி, சிதறிய பதிவுகளைச் சேர்ப்பவர்கள் "நூலகர்" என்ற பெயரில் இயங்கும் தன்னார்வலர்கள். தமிழ் அறிந்த நூலகர் ஒருவர் உங்கள் நண்பராக இருந்தால் அதிர்ஷ்டம்.

நட்சத்திரங்களை நான் நம்புவதில்லை. பல்லாயிரம் பேர் போட்ட சராசரிக்கு ஏதோ ஒரு அர்த்தம் இருக்கும். ஆறு பேர் போட்டு, அதில் மூன்று பேர் ஆசிரியரின் நண்பர்கள் என்றால் 4.67 என்பது அலங்காரம். அரை நட்சத்திரம்கூடப் போட முடியாது என்பதால் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே கிடக்கும் புத்தகத்தை எங்கே வைப்பது என்று தெரியாது. அந்த நடுவில் கிடப்பவைதான் நம் அலமாரியில் அதிகம்.

இவ்வளவு சொன்ன பிறகும் குட்ரீட்ஸை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் எளிதில் கிடைக்காத இரண்டு வசதிகள் அதில் உண்டு. புத்தகத்தின் பெயரைக் கூகுளில் தேடும் அந்நியர் அதன் பக்கத்துக்கு வந்து சேர்கிறார். நீங்கள் 2016-இல் எழுதிய நாலு வரி அங்கே காத்திருக்கும். பிறகு, உங்கள் அலமாரி முழுவதையும், எழுதிய குறிப்புகளோடு, ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். இறக்கிய கோப்பை எக்செல்லில் நேரடியாகத் திறந்தால் தமிழ் எல்லாம் கோணல்மாணல் குறிகளாகத் தெரியக்கூடும். பயப்பட வேண்டாம், கூகுள் ஷீட்ஸில் ஏற்றினால் ஒழுங்காக வரும்.

குட்ரீட்ஸ் பிடிக்காதவர்களுக்கு மாற்று இருக்கிறது. நாடியா ஒடுனாயோ உருவாக்கிய ஸ்டோரிகிராஃப், கால் நட்சத்திரம் வரை நுணுக்கமாக மதிப்பிட விடும். கதையின் மனநிலை, வேகம் என்று வரைபடமெல்லாம் காட்டும். குட்ரீட்ஸில் இறக்கிய கோப்பை அப்படியே ஏற்றலாம். ஆங்கிலத்தில் நிறையப் படிப்பவர் தாராளமாகப் போகலாம். தமிழ்ப் பட்டியல் அங்கே மெலிது. வேறு யாருமே குறிக்காத புத்தகத்துக்கு மனநிலை வரைபடம் எதிலிருந்து வரும்? 2005-இல் தொடங்கிய லைப்ரரிதிங், வீட்டில் இருக்கும் நூல்களைப் பட்டியல் போட விரும்பும் சேகரிப்பாளருக்கு ஏற்றது. பேச்சுத்துணைக்கு அல்ல.

இன்ஸ்டாகிராமையும் யூடியூபையும் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அங்கே புத்தகத்தைவிட அதைக் காட்டும் விதம்தான் முதலில் கவனிக்கப்படுகிறது. இன்ஸ்டாகிராமில் நல்ல வெளிச்சம், காபி டம்ளர், அட்டைப்படம் மூன்றும் அமைந்தால் இருபது வயதுக்காரர்கள் வருகிறார்கள். அவர்கள் முகநூல் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவர்கள். தமிழ்ப் புத்தகம் அந்த வயதினரைச் சேர வேண்டும் என்று ஆசைப்பட்டால் அங்கே போவதைத் தவிர வழியில்லை. ஆனால் ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும்; படத்துக்குக் கீழே எழுதுவதற்கு 2,200 எழுத்துக்குறி வரம்பு; அங்கே தரும் இணைப்பைச் சொடுக்கவும் முடியாது. யூடியூபில் ஒரு நூலுக்குப் பதினைந்து நிமிடம் பேசிப் பதிவேற்ற ஒரு முழு நாள் போய்விடும், அந்த நேரத்தில் இன்னொரு புத்தகம் படிக்கலாம் என்பது என் கட்சி. பேச்சுத்திறமை உள்ளவர்கள் இதை மறுப்பார்கள். கதையை முழுக்கச் சொல்லி முடிக்கும் காணொளிகளுக்குத்தான் அங்கே பெரிய கூட்டம். அவற்றைக் கேட்டவர்கள் புத்தகத்தைத் தேடிப் போவார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

எக்ஸ் தளத்தில் பணம் கட்டாதவருக்கு 280 குறிகள்தான். தமிழுக்கு அது இன்னும் குறுகும். கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனியாகக் கணக்காவதால் "புத்தகம்" என்ற ஐந்து எழுத்துச் சொல்லுக்கு எட்டு கழிந்துவிடும். ஒற்றை வரிப் பரிந்துரைக்குச் சரி.

எங்கே பகிர்ந்தாலும் தமிழில் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "பிடிஎஃப் இருக்கா?" டெலிகிராமைப் பற்றிப் பேசும்போது இதைத் தவிர்க்க முடியாது. இரண்டு லட்சம் பேர் வரை ஒரு குழுவில் இருக்கலாம், பெரிய கோப்புகளை அனுப்பலாம் என்ற வசதி, புதுப் புத்தகங்களை ஸ்கேன் செய்து கொட்டும் குழுக்களுக்கே அதிகம் உதவியிருக்கிறது. சில நூறு பிரதி போடும் பதிப்பகத்தின் நூல் இப்படிச் சுற்றினால் அடுத்த நூல் வராது. கேட்பவரைத் திட்டுவதிலும் பயனில்லை. பாதிப் பேர் காசுக்குக் கணக்குப் பார்ப்பவர்கள் அல்ல. ஊரில் புத்தகக் கடை இல்லாதவர்கள், அல்லது தபால் செலவு புத்தக விலையைத் தாண்டும் நாட்டில் இருப்பவர்கள். பதிவிலேயே முறையான வழியை எழுதிவிடுவது நல்லது. பழைய இலக்கியம் என்றால் 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டம், ஈழத்து நூல் என்றால் 2005-இல் தொடங்கிய நூலகம் தளம், நாட்டுடைமை நூல் என்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். புதிய நூல் என்றால் பதிப்பகத்தின் பெயர், விலை, கிண்டிலில் இருக்கிறதா இல்லையா. இவ்வளவும் எழுத முகநூலில் இடம் உண்டு, சொந்தத் தளத்தில் உண்டு. வாட்ஸ்அப்பில் எழுதினால் மறுவாரம் இன்னொருவர் அதையே கேட்பார்.

சொந்தத் தளம் என்றதும் "இந்தக் காலத்தில் யார் வந்து படிப்பார்கள்" என்பார்கள். அன்றைக்கு யாரும் வர மாட்டார்கள், உண்மைதான். நடப்பு வாசிப்பைச் சொல்ல அதைவிட மோசமான இடம் கிடையாது. பேசியதற்குப் பதில் சொல்ல ஆளே இருக்காது. ஆனால் கொஞ்சம் பின்னே போய்ப் பாருங்கள். 2000-களின் தொடக்கத்தில் மரத்தடி, ராயர் காபி கிளப் போன்ற யாகூ மின்னஞ்சல் குழுமங்களில் தமிழ் வாசகர்கள் எழுதிக் குவித்தார்கள். இன்று பெயர்பெற்ற சிலர் எழுதிப் பழகியதே அங்கேதான். யாகூ 2019 இறுதியில் பழைய மடல்களை நீக்கியது, 2020 டிசம்பரில் கடையையே மூடியது. சமூக வலைத்தளங்களில் ஆர்க்குட் 2014-இல் போனது, கூகுள் பிளஸ் 2019-இல் போனது. குரலில் மட்டும் பேசும் செயலியான கிளப்ஹவுஸில் 2021-இன் பொதுமுடக்கக் காலத்தில் இரவு இரண்டு மணி வரை நடந்த புத்தகப் பேச்சுகளில் பெரும்பாலானவை பேசிய கணத்தோடு சரி. அன்றைக்கே தன் மடல்களைப் பிரதியெடுத்துத் தன் பக்கத்தில் போட்டு வைத்தவர்களின் குறிப்புகள் இன்றும் தேடினால் கிடைக்கின்றன.

சொந்தப் பக்கம் அமைக்கப் பிளாகரோ வேர்ட்பிரஸோ இலவசமாகவே கிடைக்கும். அவையும் ஒரு நிறுவனத்தின் சொத்துதான், ஆனால் எழுதிய எல்லாவற்றையும் மொத்தமாக இறக்கிக்கொள்ள வழி இருக்கிறது. தலைப்பில் "மழை நாளில் ஒரு மனம்" என்றெல்லாம் எழுதாமல் நூலின் பெயர், ஆசிரியர் பெயர் இரண்டையும் அட்டையில் உள்ளபடி தமிழில் எழுதுங்கள். பதிப்பகமும் ஆண்டும் முதல் பத்தியிலேயே வரட்டும், மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்த்தவர் பெயரும். தமிழ் நூல் ஒன்றைத் தேடினால் கிடைக்கும் முடிவுகள் பெரும்பாலும் விற்பனைப் பக்கங்கள். படித்தவர் எழுதிய ஒரு பக்கம் இருந்தால் அது முன்னே வருவதற்கு அதிகப் போட்டி இல்லை.

ஆக, யாருக்கு எது? மாதம் ஒரு புத்தகம் படித்து நாலு பேரிடம் பேச விரும்புபவர் சின்ன வாட்ஸ்அப் குழுவோடு நின்றுவிடலாம். வேறு எதுவும் அவருக்குத் தேவையில்லை. வெளிநாட்டில் தனியாக இருந்து தமிழில் படிப்பவருக்கு முகநூல், கூச்சல் இருந்தாலும். பாதி ஆங்கிலம் பாதி தமிழ் என்று படிப்பவருக்குக் குட்ரீட்ஸ். கல்லூரி வயதில் இருந்தால் இன்ஸ்டாகிராம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, ஏற்கெனவே அங்கேதான் இருப்பீர்கள். பத்து வருடமாகப் படித்து, எந்தப் புத்தகத்தை யாருக்குக் கொடுக்கலாம் என்று சொல்லும் அளவுக்குத் தேறியவர் மட்டும் சொந்தப் பக்கம் ஒன்று வைத்துக்கொள்ளாமல் இருந்தால் எனக்குக் கோபம் வரும். அவருக்குத் தெரிந்ததெல்லாம் குரல்பதிவுகளாகவே யார் யார் போனிலோ கிடந்து, மெமரி நிறைந்த அன்று அழிக்கப்படும்.

ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருக்கத் தயாராக இருந்தால் இப்படி வைத்துக்கொள்ளலாம். படிக்கும்போது தோன்றுவதைக் குழுவில் பேசுங்கள். தவறாகவே தோன்றினாலும் பேசுங்கள், அதற்குத்தான் குழு. மாதம் முடிந்ததும் அந்தப் பேச்சிலிருந்து தேறியதை ஒரு பக்கமாக எழுதிச் சொந்தத் தளத்தில் வையுங்கள். மற்றவர் சொன்னதை எடுத்தால் கேட்டுவிட்டு எடுங்கள். அதை முகநூலில் ஒட்டினால் எழுத்தாளரும் பார்ப்பார், சண்டையும் நடக்கும், புதிதாக இரண்டு வாசகர்கள் கிடைப்பார்கள். இதற்கெல்லாம் சோம்பலாக இருந்தால் குட்ரீட்ஸ் அலமாரி ஒன்றே போதும். நட்சத்திரத்தைக் காலியாக விட்டுவிட்டு, ஏன் பிடித்தது என்று நாலு வரி மட்டும் எழுதுங்கள்.